விசாரிக்க வந்த அக்கா

கிள்ளானில் பெண் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன். கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, லெட்சுமி அக்கா உட்கார்ந்திருக்கிறார்.

பச்சைப் பட்டு, கழுத்தில் கனமான சங்கிலி, வாரி முடித்த கொண்டை. அதுவரை அவரை நான் மாவு ஒட்டிய ஏப்ரனோடு மட்டுமே பார்த்திருந்தேன். அதனால் முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தெரிந்த முகம் என்பதால் வாய் தானாகச் சிரித்துவிட்டது. அதற்குள் பெண்ணின் அப்பா ராஜு பக்கத்தில் வந்து, ரவாங்கில் இருக்கும் தன் அக்கா இவர்தான் என்றும், அந்த வீட்டில் எந்த முடிவும் இவரைக் கேட்காமல் எடுப்பதில்லை என்றும் சொல்லி அறிமுகப்படுத்தினார்.

தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. பின்னால் வந்த என் கணவர் குனிந்து எடுத்து மறுபடியும் தட்டில் வைத்தார். பழம் ஏன் உருண்டது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று எங்கள் மூத்தவன் கதிருக்குப் பரிசம். எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பெண் வீட்டுப் பெரியவர்களுக்கு நாங்கள் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று இருந்தது. கல்யாணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தனை பேரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். அந்த விஷயத்தை நான் ஒரே ஒரு அந்நியரிடம், கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு, ஆதியோடந்தமாகக் கொட்டியிருந்தேன். அந்த அந்நியர் இப்போது மின்விசிறிக் காற்றில் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருந்தார்.

முறுக்கு வகுப்பு

போன வாரம் இந்தப் பத்தியில் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, நான் பிரிக்பீல்ட்ஸில் முறுக்கு வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டதாகவும், தனக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்றும் பத்திரிகை மூலமாகக் கேட்டிருக்கிறார். தாராளமாக வாருங்கள் அம்மா. ஆனால் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு சேலைக் கடையின் மேல்மாடி அது. மாடிப்படி தொடங்கும் இடத்தில் 'முறுக்கு வகுப்பு, ஞாயிறு மாலை' என்று ஓர் அட்டை தொங்கும். மேலே வந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் மாவு பிசைந்துகொண்டிருப்போம். எண்ணெய் வாசனை கீழே சேலை எடுக்க வருகிறவர்களின் மூக்கு வரைக்கும் போகும்.

உண்மையில் அது பெற்றோர் கூட்டம். எங்களில் சிலருடைய மகன், இன்னொரு ஆண்பிள்ளையோடு வாழ்கிறான். சிலருடைய மகளுக்கு இன்னொரு பெண்மீது மனசு. என்னைப் போல் இரண்டு மூன்று பேர், மகன் என்று நினைத்து வளர்த்த பிள்ளை மகள் என்று அறிந்துகொண்டவர்கள். வெளியில் யாரிடமும் வாய் திறக்க முடியாத பேச்சை, வாரத்துக்கு ஒரு மாலை இங்கே வந்து பேசுவோம்.

முறுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓர் அம்மா வீட்டை விட்டுக் கிளம்பினால் எங்கே என்று கேட்க ஆள் இருக்கிறது. மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டு ஆன்டி கேட்பார், பாதிப் பேரைக் கணவரே கேட்பார். முறுக்கு வகுப்பு என்றால் யாரும் மேற்கொண்டு துருவுவதில்லை. ஆனால் முறுக்கு வகுப்புக்குப் போனவள் முறுக்கு இல்லாமல் வீடு திரும்ப முடியுமா? அதனால் சுட ஆரம்பித்தோம்.

எங்களில் எந்த அம்மாவுக்கும் முறுக்குச் சுடத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. தீபாவளிக்குக் கடையில் டின் டின்னாக வாங்குகிற தலைமுறை நாங்கள். கைகொடுத்தவர் சாமுவேல் அங்கிள்தான். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், மெதடிஸ்ட் தேவாலயத்தின் பாடகர் குழுவில் இன்றைக்கும் கனமான குரல். அவருடைய மகனும் மகனின் துணைவனும் பெட்டாலிங் ஜெயாவில் பல வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு இருவரும் சேர்ந்து வருவார்கள், அங்கிள் அவர்களுக்கு அச்சு முறுக்கும் பிழிகிற முறுக்கும் சுட்டுவைப்பார். அந்தத் திறமைதான் எங்களைக் காப்பாற்றியது.

முறுக்கோடு நாங்கள் நிற்பதில்லை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைக்குத் தங்க அறை தேடுவோம். அடையாளக் கார்டில் ஆண் என்றிருக்கும் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துவிட்டு எந்தக் கழிப்பறைக்கு அனுப்புவது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற முதலாளியிடம், நாங்கள் இரண்டு அம்மாக்கள் போய் உட்கார்ந்து பேசுவோம். சேலை கட்டிக்கொண்டு இரண்டு பெரிய பெண்மணிகள் ஆபீஸுக்குள் நுழைந்தால் எந்த மேனேஜரும் எழுந்து நாற்காலி போடுகிறார். வக்கீல் நோட்டீஸைவிட அது நன்றாகவே வேலை செய்கிறது.

கேட்கக் கூடாத கேள்வி

வகுப்பில் சட்டம் ஒன்றே ஒன்று. புதிதாக வருகிறவரிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது.

கையில் மாவைக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பழைய ஆளை உட்கார வைக்க வேண்டும். அவராகச் சொல்லும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். சாமுவேல் அங்கிள் கொண்டுவந்த சட்டம் இது. கேள்வி கேட்டால் பொய்தான் வரும், ஒரு தடவை பொய் சொல்லிவிட்ட மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு மறுவாரம் வரமாட்டார் என்பார்.

ஓர் அப்பா வந்தார், லோரி டயர் கடை வைத்திருப்பவர். மாதக் கணக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை, பிசைந்தார், பிழிந்தார், போனார். ஒரு நாள் முறுக்கு அச்சைக் கையில் வைத்துக்கொண்டே தன் மகளைப் பற்றிச் சொல்லி அழுதார். அதற்குள் மாவு பதம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்ற நிலை வந்திருந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் லெட்சுமி அக்கா வந்தார். அறுபதைத் தாண்டியவர். படியேறிய மூச்சு வாங்கலோடு வாசலில் நின்று, அறையை ஒரு சுற்று பார்த்தார். பெயரைச் சொன்னார், ரவாங் என்றார், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அங்கிள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவருக்குத் துணையாள் நான்தான் என்று அர்த்தம்.

அந்த அக்காவைப் போல் இறுக்கமான ஆளை நாங்கள் பார்த்ததில்லை. அடுத்தவர் அழுதால் அவர் அழமாட்டார், அழுகிறவரையே பார்த்துக்கொண்டிருப்பார். நடுநடுவே சுருக்கென்று ஒரு கேள்வி கேட்பார். அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான், அப்பா பேசுகிறாரா? கேட்டுவிட்டு மறுபடி மாவுக்குத் திரும்பிவிடுவார். உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிற ஜாதி என்று நாங்கள் முடிவு கட்டினோம். அவருக்காகத் தனியாக இஞ்சி டீ போட்டோம். மெத்தை வைத்த ஒரே நாற்காலியை அவருக்குக் கொடுத்தோம். பாவம், என்ன கஷ்டமோ என்று அவர் போன பிறகு பேசிக்கொண்டோம்.

சைக்கிள் வாங்க வந்தவர்

இந்த இடத்தில் என் கல்யாணக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். அப்பாவின் பழைய சைக்கிளை விற்பீர்களா என்று கேட்டார். விற்கிற எண்ணம் அப்பாவுக்கு இல்லை. வந்தவரோ விடுவதாக இல்லை. உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் எத்தனை பேர், அப்பாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா, அம்மாவின் ஊர் எது என்று சைக்கிளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார். கடைசியில் அப்பா மனம் இளகி, சரி எடுத்துக்கொண்டு போங்கள் என்றபோது, அவர் திகைத்துப்போய் நாளைக்கு வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

எங்கள் கல்யாணத்தில் முதல் வரிசையில் அதே மனிதர் உட்கார்ந்திருந்தார். என் கணவரின் தாய்மாமன். அப்பா சாகும்வரை அவரைக் கண்டால் சைக்கிள் வேண்டுமா சம்பந்தி என்று கேட்டு மானத்தை வாங்குவார்.

நம்மவர்கள் சம்பந்தம் பேசினால் இப்படித்தான். ஒரு பக்கம் தாம்பூலம் மாற்றுவோம், இன்னொரு பக்கம் ஆளை அனுப்பி விசாரிப்போம். ஒவ்வொரு குடும்பத்திலும் அதற்கென்றே தேர்ந்த ஒருவர் இருப்பார். அவரைப் பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ அழைத்துப் போகமாட்டார்கள். முகம் தெரிந்துவிட்டால் விசாரிக்க முடியாதே.

இவ்வளவு தெரிந்த எனக்கு, கிள்ளானில் பெண் பேசிய கையோடு ரவாங்கிலிருந்து ஓர் அக்கா முறுக்கு வகுப்புக்கு வந்தபோது, ஒரு பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. வகுப்புக்குள் வருகிற யாரைப் பார்த்தாலும் ஒரு பிள்ளையின் அம்மாவாகத்தான் என் கண்ணுக்குத் தெரிகிறார்கள். இந்தத் தப்பை எங்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு

அன்று நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றேன். லெட்சுமி அக்கா பிழிந்து கொடுக்க, நான் போட்டு எடுத்தேன். மூன்று வாரமாக இவர் வாய் திறக்கவில்லை, நாமாவது நம் கதையைச் சொன்னால் இவருக்கும் தைரியம் வரும் என்று தோன்றியது. சில சமயம் அது பலிக்கும்.

தேன்மொழியைப் பற்றிச் சொன்னேன். என் இளையவள். ஒரு காலைப் பொழுதில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தான் பையன் இல்லை, பெண் என்று எங்கள் இருவரிடமும் சொன்னாள். என் கணவர் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தாமல், முதலில் சாப்பிடு என்றார். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. நான் அழுத அழுகையைச் சொன்னேன். சாமி கும்பிட்டதை, சாமியார்களிடம் ஓடியதை, ஒருவர் கொடுத்த தாயத்தை அவள் தன் கையாலேயே என் கழுத்தில் கட்டி, உங்களுக்குத்தான்மா இது வேண்டும் என்று சொன்னதை, எல்லாம் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் என் கணவர் வெளியே போய்க் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிவந்து, அவள் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சின்னப் பிள்ளை அளவு. அவள் சோப்புப் போட்டு, கை சிவக்கச் சிவக்க, அத்தனையையும் மாட்டிக்கொண்டாள். கழற்றும்போது பாதி உடைந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மறுபடியும் பேச்சுக் குரல் கேட்டது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா?

மூத்தவனுக்குக் கிள்ளானில் பெண் பேசியிருப்பதைச் சொன்னேன். பெண் ஷாமினிக்கும் கதிருக்கும் பழக்கம், அவளுக்கு எல்லாம் தெரியும், தேன்மொழியும் அவளும் சேர்ந்து படம் பார்க்கப் போகிற அளவுக்குச் சிநேகம். பெரியவர்களுக்குத்தான் தெரியாது. எத்தனை பிள்ளைகள் என்று பெண்ணின் அப்பா கேட்டபோது, பெரியவன் இவன், சின்னது இங்கே போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை செய்கிறது என்று பட்டும் படாமலும் சொல்லிவைத்தேன். அவர்கள் தம்பி என்று நினைத்துக்கொண்டார்கள். தேன்மொழிதான் இப்படி இருக்கட்டும் என்றாள். தன்னால் அண்ணன் கல்யாணம் நின்றுவிடக் கூடாது, பரிசத்துக்கும் வரமாட்டேன், தாலி கட்டும்போதும் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அவளுடைய சொந்த அண்ணன் கல்யாணம் அது. அவள் கிள்ளானிலேயே குடியிருக்கிறாள், பெண் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

இதைச் சொல்லும்போது சட்டியை மறந்து முந்தானையால் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டேன். லெட்சுமி அக்கா என்னைப் பார்த்தார்.

"அடுப்பக் கொறைங்க, கருகுது" என்றார்.

குறைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பிள்ளைக்கு வேலை நிரந்தரமா, தனியாகவா இருக்கிறது, சமையல் யார் செய்கிறார்கள் என்று கேட்டார். அப்புறம் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் என் கதையைச் சொல்லி அவரைப் பயமுறுத்திவிட்டேன் போல என்று எல்லாரிடமும் புலம்பினேன். விடுங்கள் அம்மா, அவருக்கு நேரம் வேண்டும் என்றார் சாமுவேல் அங்கிள்.

இடையில் ராஜுவும் அவர் மனைவியும் நாள் குறிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உட்கார்ந்ததும் அந்த அம்மா, வேறு யாராவது வர வேண்டுமா, காத்திருக்கலாமா என்று கேட்டார். இல்லை என்றேன். டீ வந்ததும் இன்னொரு தடவை கேட்டார். ரொம்ப மரியாதை தெரிந்த குடும்பம் என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பரிச வீடு

இனி எலுமிச்சம்பழம் உருண்ட இடத்துக்குத் திரும்புவோம்.

தட்டுகளை வரிசையாக வைத்தோம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்தோம். லெட்சுமி அக்கா என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. பேச்சு எனக்குக் காதில் விழவில்லை. எந்த நிமிஷமும் அவர் வாய் திறக்கப் போகிறார், கல்யாணம் இந்தப் பாயிலேயே முடிந்துவிடும், அதற்குக் காரணம் என் வாய்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கதிர் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஷாமினியை அழைத்துவந்து மணையில் உட்கார வைத்தார்கள். பரிசத்தில் பெண்ணுக்குப் பூ வைப்பது மாப்பிள்ளையுடன் பிறந்தவளின் உரிமை. அக்கா தங்கை இல்லாத வீட்டில் ஒன்றுவிட்ட தங்கையை வைத்து ஒப்பேற்றுவார்கள். நாங்களும் என் கொழுந்தனார் மகள் ராதாவைத் தயார் செய்து அழைத்துப் போயிருந்தோம். அவள் மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ உக்காரு கண்ணு" என்றார் லெட்சுமி அக்கா. "கூடப் பொறந்தவ வரட்டும்."

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"வசந்தா" என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் அக்கா. "நீங்களா சொல்லுவீங்கன்னு இந்த வீடே ரெண்டு மாசமா காத்துக்கிட்டு இருக்கு. அவங்களா வாயத் தொறக்குற வரைக்கும் யாரும் கேக்கக் கூடாதுன்னு நான்தான் எல்லாத்தையும் அடக்கி வச்சிருக்கேன். உங்க எடத்துல கத்துக்கிட்டதுதான். ஆனா பூ வைக்கிற நேரம் வந்துருச்சு, இதுக்கு மேல காத்திருக்க முடியாது. உங்க மக எங்க?"

உங்கள் மகள் எங்கே என்று அதுவரை எங்கள் சொந்தத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பக்கத்தில்தான், அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று என் கணவர் சொன்னார்.

எல்லாரும் கைதட்டினார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஷாமினியின் தாய்மாமன் எழுந்து, நல்ல காரியத்தில் இது தேவையா என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி எழுந்திருக்கவில்லை, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ராஜுவும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தார். அக்கா வந்து விஷயத்தைச் சொன்ன அன்று அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டாராம், மகள் அழுது பேசியும் சமாதானம் ஆகவில்லையாம். பிறகு மெல்ல மெல்லத்தான் சரி என்றாராம். இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரியவந்தது.

வழி சொன்னவர்

கணவர் தேன்மொழிக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் நம்பவில்லை. நம்பிய பிறகு மறுத்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் முடித்துக்கொண்டு வாருங்கள், நான் வந்து நாலு பேர் முகம் சுளித்தால் அண்ணிக்குத்தான் கஷ்டம் என்றாள். "பரவால்லமா லா, நான் இன்னொரு நாள் வரேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அது கூடத்தில் இருந்தவர்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

ராஜு எழுந்து வந்து என் கையிலிருந்த போனை வாங்கினார். போர்ட் கிள்ளானிலிருந்து ஈப்போ வரைக்கும் முப்பது வருஷம் லோரி ஓட்டிய மனிதர். நயமாகப் பேசத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சாலைதான்.

"எங்கம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். அவள் இடத்தைச் சொன்னாள். "சரி, பாலத்துப் பக்கம் வராதீங்க, ஞாயித்துக்கெழம ஜாம். பாசாருக்குப் பின்னால வந்து மொத சிம்பாங்ல எடது பக்கம் திரும்புங்க. நாலரைக்கு ராகு காலம். நிதானமா ஓட்டுங்க, நேரம் இருக்கு. நான் வாசல்ல நிக்கிறேன், வாம்மா."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போர்ச்சில் நின்ற தன் காரை வெளியே எடுத்துச் சாலையோரம் நிறுத்தினார். கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு வெயிலில் நின்றார்.

வழி சொன்னவரிடம் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தேன்மொழி வந்தாள். ஊதா நிறச் சுடிதார், தலைக்குக் குளித்த ஈரம் இன்னும் காயவில்லை, முகத்தில் பவுடர்கூட இல்லை. காரைச் சாலையிலேயே விடப் பார்த்தவளை ராஜு கையைக் காட்டிக் காட்டிப் போர்ச்சுக்குள் வரவழைத்தார், பெரிய லோரியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்கிறவர் மாதிரி. வாசற்படியில் அவள் நின்றுவிட்டாள். லெட்சுமி அக்கா எழுந்து போய் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஈரத் தலையோடு நல்ல காரியத்துக்கு வரலாமா என்று திட்டிக்கொண்டே தன் சேலைத் தலைப்பால் அவள் தலையைத் துவட்டி, கையைப் பிடித்து மணைக்கு அழைத்துவந்தார். மூன்று ஞாயிறு பார்த்தும் நான் அந்த அக்காவை இறுக்கமானவர் என்று நினைத்திருந்தேன்.

ராதா பூச்சரத்தை நீட்டினாள். தேன்மொழி வாங்கி ஷாமினியின் கூந்தலில் வைத்தாள். ஹேர்பின் நழுவி நழுவி விழுந்தது. ஷாமினி தலையைக் குனிந்தபடியே, அவசரமில்லை, மெதுவாகக் குத்து என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். கடைசியில் பூ நின்றது, கொஞ்சம் கோணலாக. கதிர் வெளிப்படையாக அழுதான். நானும்தான்.

பூ வைத்த நாத்தனாருக்குப் பெண் வீட்டார் சேலை வைத்துக் கொடுக்க வேண்டும். ஷாமினியின் அம்மா ஒரு தட்டை எடுத்துவந்தார். நீலப் பட்டு, மெல்லிய சரிகை. இதை எப்போது எடுத்தீர்கள் என்று லெட்சுமி அக்காவிடம் கேட்டேன்.

"அன்னிக்கே" என்றார். "நீங்க அழுதுக்கிட்டே சொன்னீங்களே, படியெறங்குன கையோட கீழ கடையில எடுத்துட்டேன். தம்பிகிட்ட அப்புறம்தான் சொன்னேன். அவன் என்ன சொன்னாலும் சேலை எடுத்தது எடுத்ததுதான்."

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. சீர் கொடுக்கும்போது வீட்டுத் தலைவர், வாங்குகிறவரின் பெயரையும் முறையையும் சபைக்குக் கேட்கும்படி மூன்று தடவை சொல்லிக் கூப்பிட வேண்டும். ராஜு என் கணவரிடம் குனிந்து, பெயர் எப்படிச் சொல்ல வேண்டும் சம்பந்தி என்று மெதுவாகக் கேட்டார். என் கணவர் சொன்னார்.

தேன்மொழி என்பது அவளாக வைத்துக்கொண்ட பெயர். அடையாளக் கார்டில் இன்றைக்கும் வேறு பெயர்தான் இருக்கிறது. அவளுக்கு ஆபீஸில் சம்பளம் வருவதும், கிளினிக்கில் கூப்பிடுவதும் அந்தப் பெயரில்தான். கிளினிக்கில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எழுந்திருக்காமல், எல்லாரும் போன பிறகு கவுண்டருக்குப் போகிறவள் அவள்.

ராஜு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"செந்தூல் சுப்பிரமணியம், வசந்தா தம்பதியோட மக தேன்மொழி. மாப்பிள்ளைக்குத் தங்கச்சி. எங்க வீட்டுக்கு நாத்தனாரு."

லோரி ஓட்டிப் பழகிய குரல், வீடு முழுக்கக் கேட்டது. தேன்மொழி அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ராஜு நிறுத்தவில்லை. வாசல் பக்கம் திரும்பி, வெளியே காருக்குள் உட்கார்ந்திருந்த தன் மைத்துனர் காதிலும் விழும்படி, மூன்றாம் முறையும் முழுசாகச் சொன்னார்.